பழைய புல்லட்டில் கிளட்ச் மாற்றுவது எப்படி: புதிதாக வாங்கியவர்களுக்கு

பழைய புல்லட் வாங்கியவர்கள் முதல் மாதத்தில் கேட்பது பெரும்பாலும் கிளட்சைப் பற்றித்தான். "கை வலிக்குது", "சிக்னல்ல நியூட்ரல் விழ மாட்டேங்குது", "ஆக்சிலேட்டர் கொடுத்தா சத்தம்தான் வருது, வண்டி நகரல". பக்கத்தில் நிற்கும் யாராவது ஒருவர் உடனே ஹெவி ஸ்பிரிங் போடு, ஏழு பிளேட் போடு என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். செலவு நமக்கு.

நான் இங்கே பேசுவது வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட் 350 பற்றி. வலது காலில் கியர், இடது காலில் பிரேக், நான்கு கியர் பெட்டி. பிறகு வந்த யூசிஇ இன்ஜின் (இன்ஜினும் கியர் பெட்டியும் ஒரே கூட்டில் உள்ளது) வண்டிகளின் அமைப்பு வேறு. அவற்றுக்கு இதைப் பார்த்து ஸ்பேனர் எடுக்க வேண்டாம். இந்தப் பழைய இன்ஜின் 346 சி.சி., கொடுப்பது 18 குதிரைத்திறன். அந்த 18ஐப் பிடித்துக்கொள்ள கம்பெனி கிளட்ச் தாராளமாகப் போதும். அது வழுக்குகிறது என்றால் பலம் போதாமல் வழுக்குவதில்லை. ஏதோ ஒன்று தேய்ந்திருக்கும், வளைந்திருக்கும், இல்லை தப்பான எண்ணெயில் ஊறியிருக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிப் பணம் மிச்சம்.

முதலில் என்ன கோளாறு என்று பாருங்கள்

கிளட்சுக்கு இரண்டு விதமான கோளாறு உண்டு. ஒன்று, விட்ட பிறகும் முழுதாகப் பிடிக்காமல் வழுக்குவது. இன்னொன்று, அழுத்திய பிறகும் முழுதாக விடாமல் இழுப்பது. இரண்டும் ஒரே வண்டியில் இருக்கலாம், ஆனால் மருந்து வேறு வேறு.

வழுக்கலை முதலில் காட்டிக்கொடுப்பது கிக்கர். புல்லட்டில் கிக்கின் விசை கியர் பெட்டி, கிளட்ச் வழியாகத்தான் இன்ஜினுக்குப் போகிறது. அதனால் கிளட்சுக்குள் அடுக்கியிருக்கும் பிளேட் வழுக்கினால் கிக்கர் மெத்தென்று கீழே இறங்கும், பிஸ்டன் நகராது. ஆம்பியர் முள்ளைப் பார்த்து, டீகம்ப்ரஷன் லீவரை (சிலிண்டர் அழுத்தத்தைத் திறந்துவிடுவது) பிடித்து எல்லாம் சரியாகச் செய்தும் கிக்கர் இப்படி இறங்கினால் அங்கேயே சந்தேகப்படலாம். ஓட்டத்தில் பார்க்க வேண்டுமானால் நாலாவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே திராட்டிலை முறுக்குங்கள். சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் வழுக்கல்தான். சமதளத்தில் தெரியாதது ஏற்றத்தில் தெரியும். புதுச்சேரிக்காரர்களுக்கு ஏற்றம் என்றால் கோரிமேடு, கடலூர்க்காரர்களுக்குக் கேப்பர் மலை. பின்னால் ஒருவரை உட்கார வைத்துக்கொண்டு போனால் இன்னும் நன்றாகத் தெரியும்.

இழுவை வேறு மாதிரி. முதல் கியர் போடும்போது 'டங்' என்று அடிக்கும். கிளட்ச் லீவரை முழுதாகப் பிடித்திருந்தும் வண்டி முன்னால் ஊர்ந்துகொண்டே இருக்கும். புதுச்சேரி ராஜீவ் காந்தி சிலைச் சிக்னலில் நிற்கும்போது நியூட்ரல் கிடைக்காமல் குதிகாலால் நியூட்ரல் லீவரைத் தட்டிக்கொண்டே இருப்பீர்கள். ஆனால் ஒன்று: காலையில் முதல் கிக்குக்கு முன் மட்டும் பிளேட்டுகள் ஒட்டிக்கொண்டிருப்பது இந்த வண்டிக்குச் சகஜம். இன்ஜின் ஆஃபில் இருக்கும்போதே கிளட்சைப் பிடித்து இரண்டு மூன்று தடவை கிக் செய்தால் பிரிந்துவிடும். அதற்காக யாரும் கிளட்ச் மாற்ற வேண்டியதில்லை.

கவரைத் திறக்கும் முன் செய்ய வேண்டியது

பிளேட் வாங்கக் கிளம்புவதற்கு முன் கிளட்ச் கேபிளைப் பாருங்கள். இந்த வண்டியில் கேபிள் ஹேண்டில்பாரின் இடது பக்கத்தில் தொடங்கி டேங்குக்கு அடியில் புகுந்து வலது பக்கக் கியர் பெட்டிக்கு வருகிறது. ஸ்டியரிங் தலையருகே அது கூர்மையாக மடங்கியிருந்தால் நீங்கள் எந்தக் கிளட்ச் போட்டாலும் கை வலிக்கத்தான் செய்யும். நம் ஊரில் கடற்காற்று வேறு. வெளி உறை பளபளவென்று இருக்கும், உள்ளே கம்பி துருவேறி இருக்கும். இரண்டு முனையையும் கழற்றிக் கையால் இழுத்துப் பாருங்கள். சொரசொரவென்று வந்தால் உள்ளே நைலான் குழாய் போட்ட புதுக் கேபிள் வாங்குங்கள். இவ்வளவு குறைந்த செலவில் இந்த அளவு வித்தியாசம் தரும் வேலை இந்த வண்டியில் வேறு இல்லை.

அடுத்தது அட்ஜஸ்ட்மென்ட். கியர் பெட்டியின் வலப்பக்கத்தில் உள்ள சின்ன மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு ஸ்க்ரூவும் அதைப் பூட்டும் நட்டும் இருக்கும். முதலில் கேபிளை முழுதாகத் தளர்த்திவிடுங்கள். பூட்டு நட்டை இளக்கி, ஸ்க்ரூ உள்ளே இருக்கும் ராடை (கிளட்சைத் தள்ளி விடுவிக்கும் கம்பி) லேசாகத் தொடும் வரை திருகுங்கள். தொட்டது விரலுக்குத் தெரியும். அங்கிருந்து அரைச் சுற்றுப் பின்னால் எடுத்து, நட்டைப் பூட்டுங்கள். அப்புறம்தான் கேபிளை இறுக்க வேண்டும். லீவர் முனையில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெறும் ஆட்டம் இருக்கட்டும். பலர் இந்த வரிசையை மாற்றி, எல்லாத் தளர்வையும் கேபிளிலேயே இழுத்துவிடுகிறார்கள். அப்போது ராட் எந்நேரமும் அழுத்திக்கொண்டே இருக்கும். பிளேட் வழுக்கும், ராடின் முனையும் சூடேறித் தேயும்.

மூன்றாவது எண்ணெய். இந்த இன்ஜினில் கிளட்ச் இருக்கும் பிரைமரி பெட்டிக்குத் தனி எண்ணெய். அரை லிட்டர்கூடப் பிடிக்காது. யாராவது கார் இன்ஜின் ஆயிலை ஊற்றியிருந்தால், அதில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இருக்கலாம். காருக்கு அது நல்லது, எண்ணெயில் ஊறும் கிளட்சுக்கு எதிரி. டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற தரக் குறியீடு போட்டிருக்கும் பைக் ஆயிலை வாங்குங்கள். எம்பி என்று இருந்தால் அது ஸ்கூட்டருக்கானது, தொடாதீர்கள். எம்ஏ தரத்தில் 20டபிள்யூ50 இதற்குச் சரியாக இருக்கும். எண்ணெய் மாற்றி நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். வழுக்கல் நின்றுவிட்டால் இந்தக் கட்டுரையின் மீதிப் பகுதி உங்களுக்குத் தேவையில்லை.

என்ன வாங்குவது

சரி, இத்தனையும் பார்த்தாகிவிட்டது, இன்னும் வழுக்குகிறது. இப்போது பிளேட்டும் ஸ்பிரிங்கும் மாற்ற வேண்டும். இரண்டையும் ஒன்றாக, செட்டாக மாற்றுங்கள். புதுப் பிளேட்டும் களைத்துப்போன ஸ்பிரிங்கும் சேர்ந்தால் வேலை பாதியில் நிற்கும்.

எத்தனை பிளேட் என்பது வண்டியின் வருடத்தைப் பொறுத்து மாறும். பழைய வண்டிகளில் யாரோ எப்போதோ வேறு மாடலின் கிளட்சைப் போட்டிருப்பதும் நடக்கும். அதனால் ஆர்சியில் உள்ள வருடத்தைச் சொல்லிப் பிளேட் வாங்காதீர்கள். கழற்றி, எண்ணி, ஒரு லைனிங் பிளேட்டையும் (உராயும் பூச்சு உள்ளது) ஒரு ஸ்டீல் பிளேட்டையும் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பல் எண்ணிக்கை, உள்விட்டம், தடிமன் மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்க்கும்போது பொருந்த வேண்டும். புதுச்சேரியிலோ கடலூரிலோ கிடைக்காவிட்டால் சென்னை புதுப்பேட்டைதான். லைனிங்கை நகத்தால் கீறிப் பாருங்கள், பொடியாக உதிர்ந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

ஹெவி ஸ்பிரிங்கைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: முதல் மருந்தாக அதைப் போடவே கூடாது. பிளேட் வளைந்திருப்பதையும் எண்ணெய் தப்பாக இருப்பதையும் அது கொஞ்ச நாள் மறைத்துவைக்கும். அதற்குப் பதிலாக கேபிள், ராட், லீவர், உங்கள் இடது கை எல்லாவற்றிலும் சுமையை ஏற்றும். இன்ஜினை 500 சி.சி. ஆக்கியவர், சுமை ஏற்றி மலைக்குப் போகிறவர் யோசிக்கலாம். நேரு வீதியில் அரை கிளட்சில் ஊர்ந்து போகிறவருக்கு அது தண்டனை.

உண்மையிலேயே மேம்படுத்த விரும்பினால், பிந்தைய ஐந்து கியர் மாடல்களில் வந்த ஏழு பிளேட் கிளட்ச் நல்ல பொருள். உராயும் பரப்பு கூடுவதால் மிதமான ஸ்பிரிங்கிலேயே நன்றாகப் பிடிக்கும். ஆனால் அதைப் பிளேட்டாக மட்டும் வாங்க முடியாது. டிரம் (வெளிக்கூடு), நடு ஹப், பிரஷர் பிளேட் (ஸ்பிரிங் அழுத்தும் மேல் தட்டு) எல்லாம் சேர்ந்த முழு செட்டாக வாங்க வேண்டும். உங்கள் கியர் ஷாஃப்டின் வரிப்பல்லில் ஹப் உட்காருகிறதா, ஸ்ப்ராக்கெட் பல் எண்ணிக்கை ஒன்றா, செயின் நேர்கோட்டில் ஓடுகிறதா, கவர் மூடும்போது உள்ளே உரசுகிறதா என்று நான்கையும் பார்க்க வேண்டும். டிரம்மைக் கழற்ற இன்ஜின் ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்தே எடுக்க வேண்டும், ஏனென்றால் பிரைமரி செயினுக்குப் பிரிக்கும் இணைப்புக் கிடையாது. ஆல்டர்னேட்டர் வண்டியாக இருந்தால் அதன் ரோட்டரும் ஸ்டேட்டரும்கூட வழியை மறித்து நிற்கும். இதற்குப் புல்லர் (இழுத்துக் கழற்றும் டூல்) வேண்டும், அனுபவம் வேண்டும். முதல் தடவை என்றால் அந்த வேலையைப் புல்லட் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துப் பக்கத்தில் நின்று பாருங்கள். பிளேட், ஸ்பிரிங் மாற்றுவதை மட்டும் வீட்டு வாசலிலேயே செய்துவிடலாம்.

கழற்றுவது

என்ஃபீல்டு இந்தியா 1955இல் சென்னையில் தொடங்கியபோது வண்டியின் வடிவமைப்பு இங்கிலாந்திலிருந்து வந்தது. அதனால் பழைய வண்டிகளில் இஞ்ச் அளவு நட்டுகளும் மில்லிமீட்டர் நட்டுகளும் கலந்திருக்கும். மில்லிமீட்டர் ஸ்பேனரை வைத்துச் சமாளித்தால் நட்டின் முனை மழுங்கிவிடும். இஞ்ச் ஸ்பேனர் ஒன்றிரண்டு வாங்கி வைப்பது நல்லது. புதுச்சேரி ஞாயிறு மார்க்கெட்டில் பழைய இரும்புச் சாமான் விரிப்புகளில் கிளறிப் பாருங்கள், புதிதைவிட நல்ல எஃகில் சில சமயம் மாட்டும்.

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போடுங்கள். இடது ஃபுட்ரெஸ்ட்டையும் பின் பிரேக் பெடலையும் கழற்றுங்கள். பிரேக் ராடின் நட்டு எத்தனை மரை உள்ளே இருந்தது என்று பார்த்துவைத்தால் திரும்ப மாட்டும்போது சுலபம். கவருக்குக் கீழே அகலமான தட்டு, அதற்கு அடியில் நாலைந்து தினசரித்தாள். பிரைமரி கவரைப் பிடித்திருப்பது நடுவில் உள்ள ஒரே ஒரு பெரிய நட்டு. அதை எடுத்துவிட்டுக் கவரின் ஓரத்தை ரப்பர் சுத்தியலால் தட்டினால் வந்துவிடும். ஸ்க்ரூடிரைவரை இடுக்கில் விட்டு நெம்பினால் அலுமினியம் காயப்படும். பிறகு காலம் பூராவும் எண்ணெய் சொட்டும்.

வடியும் எண்ணெயை நன்றாகப் பாருங்கள். கருப்பாக, கருகிய வாடையோடு இருந்தால் பிளேட் எரிந்திருக்கிறது. மின்னும் துகள் இருந்தால் செயினையோ பேரிங்கையோ பார்க்க வேண்டும். பால் டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழையில் புதுச்சேரியில் எத்தனையோ வண்டிகள் தண்ணீரில் நின்றன. கடலூருக்கு 2015 வெள்ளம் ஒன்று போதும். அப்படி நின்ற வண்டியை வாங்கியிருந்தால் கிளட்ச் மட்டுமில்லை, கியர் பெட்டியையும் திறந்து பார்த்துவிடுங்கள். எண்ணெயின் அளவு லெவலுக்கு மேலே ஏறியிருந்தால் இன்ஜினிலிருந்தோ கியர் பெட்டியிலிருந்தோ சீல் வழியாகக் கசிந்து வருகிறது. அதைச் சரிசெய்யாமல் புதுப் பிளேட் போட்டு என்ன பயன்.

இனி பிரஷர் பிளேட். ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களை ஒன்றை முழுதாக, அடுத்ததை முழுதாக என்று எடுக்காமல், ஆளுக்கு இரண்டு சுற்றாக மாற்றி மாற்றி இளக்குங்கள். ஸ்க்ரூ தலையின் பள்ளத்துக்கு அளவான அகலமான ஸ்க்ரூடிரைவர் வேண்டும். கழற்றக் கழற்ற ஒவ்வொரு படியையும் போனில் படம் எடுங்கள். பிளேட்டுகளை வந்த வரிசையிலேயே தாளில் பரப்பி வையுங்கள். சில செட்டுகளில் ஒரு ஸ்டீல் பிளேட் மட்டும் லேசாகக் குழிந்திருக்கும். குழி எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பது படத்தில் இருக்கட்டும். பழைய லைனிங்கில் கல்நார் இருந்திருக்கலாம், காய்ந்த தூளை வாயால் ஊதவோ காற்றடித்துப் பறக்கவிடவோ வேண்டாம். டீசலில் நனைத்த பனியன் வேஸ்ட்டால் துடைத்துவிடுங்கள்.

நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம்

பலர் அவசரப்படும் இடமும், கிளட்சின் தரம் முடிவாகும் இடமும் இதுதான். பழைய கண்ணாடி மேசைத் துண்டு ஒன்று எடுத்துத் தரையில் வையுங்கள். ஒவ்வொரு ஸ்டீல் பிளேட்டையும் அதன் மேல் படுக்கவைத்து, விளிம்பில் விரலால் தட்டுங்கள். தட்டையான பிளேட் சத்தமில்லாமல் உட்காரும். வளைந்தது 'டக்டக்' என்று ஆடும். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜில் 0.2 மில்லிமீட்டர் தகடு அடியில் சுலபமாக நுழைந்தால் அந்தப் பிளேட் வேண்டாம். குழிந்த பிளேட்டுக்கு மட்டும் இந்தக் கணக்குப் பொருந்தாது. நீலம் பாய்ந்திருந்தால் சூட்டில் வெந்தது, அதுவும் வேண்டாம். நல்ல பிளேட்டுகளின் பளபளப்பை எமரித் தாளால் வட்டவட்டமாகத் தேய்த்து மங்கலாக்குங்கள்.

அதே கண்ணாடியில் ஸ்பிரிங்குகளை வரிசையாக நிறுத்துங்கள். ஒன்று குட்டையாக இருந்தால் கண்ணுக்கே தெரியும். புதுசுக்கும் இதைச் செய்யுங்கள். டூப்ளிகேட் செட்டில் உயரம் ஒன்றுபோல் இருக்காது.

டிரம்மின் விரல்களில், பிளேட்டின் காது உரசும் பக்கத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். படிப்படியாகத் தட்டினால் காதுகள் அதில் சிக்கிக்கொண்டுதான் கிளட்ச் விடாமல் இழுக்கிறது. பள்ளம் ஆழமில்லை என்றால் மெல்லிய அரத்தால் எல்லா விரலையும் ஒரே அளவுக்குச் சீவி, டிரம்முக்குள் துகள் நிற்காமல் துடையுங்கள். ஆழமாக இருந்தால் டிரம்மை மாற்ற வேண்டியதுதான். டிரம்மை இரு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். இம்மியளவு ஆட்டம் பரவாயில்லை, லொடலொடவென்றால் பேரிங் போய்விட்டது.

கவர் திறந்திருக்கும்போதே பிரைமரி செயினையும் பார்த்துவிடலாம். இன்ஜினைச் சுற்றிச் சுற்றி, செயின் மிக இறுக்கமாக வரும் இடத்தில் மேலும் கீழும் சுமார் ஆறு மில்லிமீட்டர் அசைவு இருக்க வேண்டும். அதிகமென்றால் கீழே உள்ள டென்ஷனரைத் திருகுங்கள்.

மாட்டுவது

புது லைனிங் பிளேட்டுகளை முதல் நாள் இரவே, ஊற்றப்போகும் அதே எண்ணெயில் ஊறப் போடுங்கள். காய்ந்த பிளேட்டை மாட்டி ஓட்டினால் முதல் சில நிமிடத்திலேயே கருகும்.

கடைசியாக வந்தது முதலில் போகும். ராடின் முனை காளான்போல் விரிந்திருந்தால் மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் கிரீஸ் தடவி உள்ளே தள்ளுங்கள். பிளேட்டுகளை அடுக்கியதும் ஒவ்வொன்றும் தன் இடத்தில் தடையில்லாமல் நகர்கிறதா என்று விரலால் அசைத்துப் பாருங்கள். அப்புறம் பிரஷர் பிளேட், ஸ்பிரிங். இந்தக் கிளட்சில் ஸ்பிரிங்குக்குள் ஒரு சின்னக் குழாய் இருக்கும். ஸ்க்ரூ அதில் முட்டி நிற்கும் வரை திருக வேண்டும். மாற்றி மாற்றி, ஆளுக்கு இரண்டு சுற்று.

கவரை மூடாதீர்கள், இன்னும் ஒரு வேலை பாக்கி. மேலே சொன்னபடி ராடையும் கேபிளையும் அட்ஜஸ்ட் செய்துவிட்டு, ஒருவரைக் கிளட்ச் லீவரைப் பிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் குனிந்து, பிரஷர் பிளேட்டின் விளிம்பைப் பாருங்கள். அது வட்டம் முழுக்க ஒரே அளவு வெளியே வர வேண்டும். லீவரைப் பிடித்தபடியே கிக்கரை மெதுவாகக் கையால் அழுத்தினால் பிரஷர் பிளேட் சுழலும். தலையாட்டிக்கொண்டு சுழன்றால் ஒரு பக்கம் குறைவாகத் தூக்குகிறது என்று அர்த்தம். குறைவாகத் தூக்கும் பக்கத்து ஸ்பிரிங் மற்றதைவிட விறைப்பு. ஸ்பிரிங்குகளை இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் அதிகமாகத் தூக்கும் பக்கத்து ஸ்பிரிங்கின் அடியில் மெல்லிய வாஷர் ஒன்று போடலாம். ஒரு மணி நேரம் ஆனாலும் இதை விடாதீர்கள். சிக்னலில் நியூட்ரல் விழுமா விழாதா என்பது இங்கேதான் முடிவாகிறது. ஏழு பிளேட் போட்டும் இழுக்கிறது என்று புலம்புகிற வண்டிகளில் பலதும் இந்தத் தலையாட்டலைப் பார்க்காமலே மூடியவை.

கவரின் ரப்பர் சீலைப் புதிதாகப் போட்டு, இரு பக்க விளிம்பையும் துடைத்து மூடுங்கள். நடு நட்டை மூர்க்கமாக இறுக்கினால் கவர் நெளிந்து அதுவே கசிவுக்கு வழியாகும். லெவல் ஸ்க்ரூவைத் திறந்து வைத்துக்கொண்டு, அதன் வழியாக எண்ணெய் எட்டிப்பார்க்கும் வரை ஊற்றுங்கள். பிரேக் பெடலை மாட்டியதும் பின் பிரேக் பிடிக்கிறதா என்று தள்ளிப் பார்த்துவிட்டே ஸ்டார்ட் செய்யுங்கள்.

முதல் ஓட்டம்

முதல் நாள் கடலூர் சாலையில் அரியாங்குப்பம், தவளக்குப்பம் தாண்டி ஒரு நடை போய் வாருங்கள். சாலை சமம், அடிக்கடி கியர் மாற்ற வேண்டியிருக்கும், பழகுவதற்கு நல்லது. கோரிமேட்டையும் கேப்பர் மலையையும் சில நாள் கழித்து வைத்துக்கொள்ளுங்கள். புது லைனிங் படிந்து அமரும்போது பிளேட் அடுக்கின் தடிமன் கொஞ்சம் குறையும், அதனால் லீவரில் விட்ட ஆட்டமும் குறைந்துகொண்டே வரும். ஒரு வாரம் கழித்து மறுபடி பார்த்துச் சரிசெய்யுங்கள். எண்ணெயையும் வழக்கத்தைவிடச் சீக்கிரம், ஐநூறு கிலோமீட்டரிலேயே மாற்றிவிடலாம். முதல் தேய்மானத் தூளெல்லாம் அதில்தான் இருக்கும்.

கழற்றிய பழைய பிளேட்டுகளைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். ஒரு லைனிங் பிளேட்டையும் ஒரு ஸ்டீல் பிளேட்டையும் சேர்த்து வெல்டிங் அடித்து, நீளமான இரும்புப் பட்டை ஒன்றைக் கைப்பிடியாக ஒட்டச் சொல்லுங்கள். என்றைக்காவது கிளட்சின் நடு நட்டைக் கழற்ற வேண்டி வந்தால் டிரம்மையும் ஹப்பையும் சேர்த்துப் பிடித்து நிறுத்த அதைவிட நல்ல டூல் கடையில் கிடைக்காது.